கொத்தனாரிடம் பேசுவதற்கு முன்னால் டேப்பைப் பிடியுங்கள்

கேள்வி: ஐயா, திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டு ஊர் எங்களுடையது. பிரதமர் வீட்டுத் திட்டத்தில் என் பேரில் வீடு வந்தது. 20 அடிக்கு 13½ அடி. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் கட்டித் தருகிற ஒருவரிடமே 3,60,000 ரூபாய்க்கு மொத்தமாகப் பேசிவிட்டோம். பாஸ்புக், ஏடிஎம் கார்டு இரண்டும் அவரிடம்தான். ஒன்றியத்தில் கொடுத்த சிமெண்டு, கம்பியையும் அவரே ஏற்றி வந்தார். வந்த தவணைகளும் நான் நகையை அடகு வைத்துக் கொடுத்ததும் சேர்த்து இதுவரை 1,95,000 போயிருக்கிறது. லிண்டல் மட்டத்தோடு, அதாவது வாசல் ஜன்னலுக்கு மேல்மட்டத்தோடு, நின்று ஐந்து மாதம் ஆகிறது. வானம் (அஸ்திவாரக் குழி) ஆழமாகப் போய்விட்டது, சுவருக்கு மட்டும் செங்கல் 7,500 ஓடிவிட்டது, இன்னும் 65,000 கொடுத்தால்தான் கூரை போடுவேன் என்கிறார். ஆபீசில் கேட்டால் கூரை போட்டால்தான் அடுத்த தவணை, முடிக்காவிட்டால் வீடு ரத்தாகிவிடும் என்கிறார்கள். 65,000 வட்டிக்கு வாங்கிக் கொடுத்துவிடலாமா? ஆளை மாற்றலாமா? வீடு போய்விடுமா?

பதில்:

தங்கச்சி, வட்டிக்கு வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக பேங்குக்குப் போய் அந்த ஏடிஎம் கார்டை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள், பாஸ்புக் தொலைந்துபோனால் எப்படிப் புதிதாக வாங்குவோமோ அப்படியே ஒன்று வாங்கிக் கணக்கைப் பதிந்து கொண்டு வாருங்கள். அவரிடம் போய்க் கேட்டு வாங்குகிற வேலையே வேண்டாம். கணக்கு உங்கள் பேரில் இருக்கிறது, ஆதாரும் கைரேகையும் உங்களுடையது. அடுத்த தவணை அவர் கைக்குப் போகாது என்று தெரிந்த பிறகு அவர் பேசுகிற தோரணையே மாறும்.

ஊரக வளர்ச்சித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்திரா நினைவுக் குடியிருப்பு, பசுமை வீடு, அப்புறம் இந்தப் பிரதமர் வீடு என்று எத்தனையோ வீட்டுக்கு அளவெடுத்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கிற கதையை நான் குறைந்தது ஐம்பது வாசலில் நின்று கேட்டிருப்பேன். எல்லா இடத்திலும் சண்டைக்கு ஒரே காரணம்தான். என்ன வேலை நடந்தது என்று யாரும் அளந்து எழுதி வைக்கவில்லை. அவர் ஒரு தொகை சொல்கிறார், நீங்கள் ஒரு தொகை சொல்கிறீர்கள், நடுவில் நிற்கிற சுவரை ஒருவரும் கேட்பதில்லை.

அரசாங்க வேலையில் எம் புக் என்று ஒன்று உண்டு, அளவுப் புத்தகம். ரோடோ, பள்ளிக்கூடமோ, வீட்டு வசதி அடுக்குமாடியோ, அந்தப் புத்தகத்தில் நீளம், அகலம், உயரம் ஏறாத வேலைக்கு கான்ட்ராக்டருக்கு ஒரு ரூபாய் போகாது, போகவும் கூடாது. நீங்களும் ஒரு எம் புக் போடுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். உங்கள் வீட்டு அளவை வைத்து நான் இங்கேயே போட்டுக் காட்டுகிறேன், பார்த்துக்கொண்டே வாருங்கள்.

20 அடிக்கு 13½ அடி வீடு, முக்கால் அடி சுவர், அதாவது ஒன்பது இன்ச். சுற்றுச்சுவரை நடுக்கோட்டில் அளந்தால் 64 அடி வரும். உள்ளே ஒரு குறுக்குச் சுவர் இருக்கும், அது 12 அடி. மொத்தம் 76 அடி. பேஸ்மட்டத்திலிருந்து, அதாவது வீட்டுத் தரை மட்டத்திலிருந்து, லிண்டல் வரை 7 அடி உயரம். 76 பெருக்கல் 7 பெருக்கல் 0.75, கிட்டத்தட்ட 400 கன அடி. வாசலும் ஜன்னலும் இருக்கிற இடத்தில் கல் இல்லையே, அதைக் கழித்தால் 330 கன அடிக்குப் பக்கம் நிற்கும். நம்ம பக்கத்து நாட்டுச் செங்கல் கலவையோடு சேர்த்து ஒரு கன அடிக்கு பதின்மூன்று, பதின்மூன்றரை பிடிக்கும். ஆக 4,500 கல். உடைசல், சேதாரம் என்று தாராளமாகச் சேர்த்தாலும் 4,800, விடுங்கள் 5,000. அவர் சொன்ன 7,500 அந்தச் சுவருக்குள் போயிருக்கவே முடியாது. மிச்சம் 2,500 கல் வேறொரு வீட்டுக்குப் போயிருக்கலாம், சூளையிலிருந்து கிளம்பாமலேயே கூட இருந்திருக்கலாம். எங்கே போனது என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, உங்கள் வீட்டில் இல்லை என்பது மட்டும் போதும்.

சரி, வானம் விஷயத்துக்கு வருவோம். இதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். சித்திரையில் உங்கள் காட்டில் காலை விட்டால் கணுக்கால் வரை இறங்குகிற வெடிப்பைப் பார்த்துத்தானே வளர்ந்திருப்பீர்கள். அந்த மண்ணில் மூன்று அடியில் கடைக்காலை நிறுத்தினால் இரண்டு வருஷத்தில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஏறும். அதனால் ஐந்து அடிக்கு இறங்கி, அடியில் மணல் நிரப்பி, அதன்மேல் கல் கட்டினேன் என்று ஒரு கொத்தனார் சொன்னால் அவர் ஒழுங்கான வேலைக்காரர். ஆனால் அரசாங்கம் தருகிற தொகை செம்மண் பூமிக்கும் கரிசலுக்கும் ஒன்றுதான். சமவெளி என்றால் வீட்டுக்கு மத்திய, மாநில பங்கு சேர்த்து 1,20,000, கான்கிரீட் கூரைக்காக நம்ம மாநில அரசு கூடுதலாகத் தருகிற 1,20,000, ஆக 2,40,000. கழிப்பறைக்கு 12,000, நூறு நாள் வேலைக் கணக்கில் 90 ஆள் கூலி, இவை தனி. மேலூர்ப் பக்கம் கையளவு தோண்டினால் பாறை தட்டுகிற ஊருக்கும், உங்களைப் போல ஆள் உயரம் தோண்டினாலும் களி வருகிற ஊருக்கும் இதே தொகைதான். வேலையில் இருந்த காலத்தில் இதை மேலே பலமுறை எழுதிப் போட்டவன் நான். கரிசல் ஒன்றியங்களில் வீடுகள் பேஸ்மட்டத்திலேயே தேங்கிக் கிடப்பதற்கு இது பெரிய காரணம், இன்றைக்கும் எனக்கு இதில் வருத்தம் உண்டு.

ஆனால் நியாயத்துக்கும் ஒரு அளவு உண்டு, அதையும் அளந்து விடலாம். கூடுதலாக இரண்டு அடி இறங்கியிருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம், அதில் ஒரு அடி மணல், ஒரு அடி கருங்கல் கட்டு, அகலம் இரண்டு அடி. 76 பெருக்கல் 2, மணல் 152 கன அடி, கல் 152 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட் என்பது உங்களுக்கே தெரியும், ஆக ஒன்றரை யூனிட் மணல், ஒன்றரை யூனிட் கல், தோண்டின கூலி, கட்டின கூலி, அதற்கான சிமெண்டு. உங்கள் ஊரில் என்ன விலைக்கு இறங்குகிறது என்று இரண்டு இடத்தில் விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். என் கணக்கில் 25,000-லிருந்து 30,000-க்குள் அடங்கும். எத்தனை அடி இறங்கியது என்பதில் சந்தேகம் இருந்தால் வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு மூலையில் இரண்டு அடி அகலத்துக்கு ஒரு குழி தோண்டிப் பாருங்கள். அரை நாள் வேலை. குச்சியை விட்டு அளந்து, குச்சியோடு சேர்த்து ஒரு போட்டோ.

இப்போது மொத்தத்தைக் கூட்டுவோம். இந்த அளவு வீட்டில் லிண்டல் மட்டம் என்றால் வேலையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, நான் எப்போதும் நூற்றுக்கு 45 என்று பிடிப்பேன். கூரை, பூச்சு, தரை, கதவு, ஜன்னல், வயரிங், கழிப்பறை எல்லாம் பாக்கி இருக்கிறதே. 3,60,000-ல் 45 பங்கு என்றால் 1,62,000. அதோடு வானத்துக்கு 28,000 சேருங்கள், 1,90,000. நீங்கள் கொடுத்தது 1,95,000. அதாவது இன்றைய தேதிக்கு நீங்கள் அவருக்குப் பாக்கி இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. ஒன்றியத்தில் கொடுத்த சிமெண்டும் கம்பியும். அது இனாம் இல்லை. அதன் விலையைத் தவணையில் கழித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கணக்கில் போட்டிருப்பார்கள். ஆக அது உங்கள் பணம். அவருடைய 3,60,000 பேச்சில் சிமெண்டு, கம்பி சேர்த்தியா இல்லையா? சேர்த்தி என்றால் அந்த மூட்டைகளின் விலையும் நீங்கள் அவருக்குக் கொடுத்த பணம்தான், 1,95,000-த்தோடு அதையும் கூட்ட வேண்டும். கூட்டினால் அவர்தான் உங்களுக்குத் தர வேண்டியிருக்கும். எத்தனை மூட்டை, எத்தனை கிலோ கம்பி, எந்தத் தேதி, என்ன விலை கழித்தார்கள் என்பது ஆபீசில் எழுதியிருக்கும். வாய்வார்த்தையாகக் கேட்டுச் சொல்லவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பிரிவு 6(1)-ன்படி ஒரு மனு, பத்து ரூபாய்க்கு கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர், ஊராட்சி ஒன்றிய அலுவலகம் என்று போட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். என் பேரில் உள்ள வீட்டுக்கு வழங்கிய பொருள், பிடித்தம் செய்த தொகை, தவணை வரவு வைத்த தேதி, ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுதிய அளவின் நகல் என்று நான்கு வரியில் கேட்டால் போதும்.

ஆளை மாற்றலாமா என்று கேட்டீர்கள். மாற்றலாம். இந்தத் திட்டத்தின் விதியில் கான்ட்ராக்டர் என்கிற ஆளே கிடையாது. பயனாளிதான் கட்ட வேண்டும், கொத்தனாரைக் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் கான்ட்ராக்டரை உள்ளே விடக்கூடாது என்று வழிகாட்டு நெறிமுறையிலேயே எழுதியிருக்கிறது. அதனால்தான் பணம் நேராக உங்கள் கணக்குக்கு வருகிறது. இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. உங்கள் வீட்டின் மேல் அவருக்கு எந்தப் பிடியும் இல்லை, வேறொருவரைக் கூப்பிட்டுக் கூரை போட்டால் அவரால் தடுக்க முடியாது. அதேபோல அவரோடு உள்ள கொடுக்கல் வாங்கலை ஒன்றிய ஆபீஸ் தீர்த்து வைக்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது, அவர்கள் ஏட்டில் அப்படி ஒரு ஆளே இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று உங்களை யாராவது கட்டாயப்படுத்தினார்களா? பாஸ்புக்கைக் கொடு என்று சொன்னது யார்? அப்படி நடந்திருந்தால் அது கொடுக்கல் வாங்கல் விவகாரம் இல்லை, விதிமீறல். அதை பிடிஓ என்கிற வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், ஊரக வளர்ச்சி முகமைத் திட்ட இயக்குநருக்கும் தனியாக எழுத வேண்டும்.

நான் வேலையில் இருந்தபோது ஒரு ஊரில் பதினோரு வீடு, பதினொன்றும் ஒரே ஆளிடம். பதினோரு வீட்டையும் பேஸ்மட்டம் வரை எழுப்பிப் பணத்தை எடுத்துவிட்டு, அதை வைத்து அடுத்த ஊரில் பதினைந்து வீட்டுக்கு வானம் பறித்தார். இப்படி ஓட்டுகிறவருக்கு எப்போதும் ஒரு கட்டத்தில் கைப்பணம் தீர்ந்துபோகும், அது பெரும்பாலும் கூரை போடுகிற கட்டமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அன்றைக்குத்தான் ஒரே நாளில் கம்பி, ஜல்லி, எம் சாண்ட், செண்டரிங் (கூரையைத் தாங்குகிற பலகை, முட்டு) வாடகை, இருபது ஆள் கூலி எல்லாம் சேர்ந்து கேட்கும். அந்தப் பதினோரு வீட்டில் ஒரு பாட்டி பேஸ்மட்டத்தின் மேலேயே நாலு கம்பு நட்டு, ஓலை போட்டு, இரண்டு மழைக்காலம் இருந்தார். நான் போகும்போதெல்லாம், "தம்பி, இந்த வருஷமாவது ஓட்டுக்குக் கீழ படுப்பேனா?" என்று கேட்பார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவர் ஞாபகம்தான் வந்தது. உங்கள் ஆளும் 65,000 கேட்பது உங்கள் வீட்டுக் கூரைக்குத்தானா என்று எனக்கு உறுதியாகத் தோன்றவில்லை.

வீடு போய்விடுமா என்றால், போகாது. வீடு ஒதுக்கின நாளிலிருந்து 12 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று இருப்பது உண்மை. தாமதமானால் நோட்டீஸ் வரும், நெருக்குவார்கள். ஆனால் லிண்டல் வரை எழும்பி, ஒவ்வொரு கட்டத்திலும் இடத்தின் குறியீட்டோடு போட்டோ ஏறியிருக்கிற வீட்டை முடிக்க வைப்பதுதான் அவர்களுக்கும் வேண்டும், முடியாத வீடு அவர்கள் கணக்கில் குறையாகவே நிற்கும். நீங்கள் செய்ய வேண்டியது, அவர்கள் எழுதுவதற்கு முன்னால் நீங்கள் எழுதுவது. வேலை எந்தத் தேதியில் நின்றது, ஏன், எப்போது கூரை போடப் போகிறீர்கள் என்று ஒரு பக்கம், போட்டோ இணைத்து பிடிஓ ஆபீசில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். அந்த முத்திரை இல்லாமல் திரும்பாதீர்கள். அங்கே நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள், இல்லையா, 1100-க்குப் போன் போட்டுப் பதிந்தால் மனு எண் வரும், அதையும் நோட்டில் எழுதுங்கள். போட்டோ எடுக்க வருகிறவருக்குப் பெட்ரோல் காசு, டீ காசு என்று எதுவும் கொடுக்க வேண்டாம்.

கூரைக்குப் பணம் எங்கே என்பதுதான் நிஜமான கேள்வி. இந்தத் திட்டத்தில் பயனாளிக்கு பேங்கில் 70,000 வரை கடனுக்கு வழி செய்து தர வேண்டும் என்று இருக்கிறது. கேட்கிறவர்கள் குறைவு என்பதால் நிறையப் பேருக்குத் தெரிவதே இல்லை. பிடிஓவிடம் கொடுக்கிற மனுவிலேயே அதையும் ஒரு வரி சேருங்கள். மகளிர் குழுவில் இருந்தால் அது இன்னும் சுலபம். 90 ஆள் கூலி உங்கள் அட்டையில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள், பாதிப் பேருக்கு ஏறாமலே கிடக்கும். மீட்டர் வட்டி, வார வட்டி பக்கம் மட்டும் போகாதீர்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டியைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் வாங்கினபிறகு சட்டத்தைத் தேடி அலைகிற பாடு எனக்குத் தெரியும்.

கூரைக்கு என்னென்ன வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு புது கொத்தனாரிடம் பேசுங்கள். 270 சதுர அடி, நாலு இன்ச் கனம், 90 கன அடி கான்கிரீட். சிமெண்டு, மணல், ஜல்லி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவை. சிமெண்டு இருபதிலிருந்து இருபத்திரண்டு மூட்டை, கம்பி சுமார் 200 கிலோ. சுவருக்கு வெளியே கூரை நீட்டினால் அதற்குத் தகுந்த மாதிரி இரண்டு மூட்டை கூடும். யாராவது நாற்பது மூட்டை என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இந்தமுறை சாமான் நீங்களே வாங்குங்கள், அவருக்குக் கூலி மட்டும், அதுவும் ஒரு வேலை முடிந்தபிறகு ஒரு தொகை.

ஐந்து மாதம் மழையிலும் வெயிலிலும் நின்ற சுவர் அது, அதன் மேல் அப்படியே கூரையை ஏற்றக் கூடாது. மேல் வரிக் கல்லைக் கையால் அசைத்துப் பாருங்கள், ஆடினால் இரண்டு வரி பிரித்துத் திரும்பக் கட்டச் சொல்லுங்கள். நாலு மூலையிலும் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கச் சொல்லி நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியில் துரு செதிலாக உதிர்ந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகுதான் மேலே போக வேண்டும். கான்கிரீட் போடுகிற அன்றைக்குக் கம்பி பலகையோடு ஒட்டிக் கிடக்கக் கூடாது, அடியில் கவர் கட்டை வைத்துத் தூக்கியிருக்க வேண்டும், இது ஒன்றை விட்டுவிட்டதால்தான் நம்ம ஊர்த் தொகுப்பு வீடுகளில் பத்து வருஷத்தில் கூரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. கலவையில் தண்ணீர் கொழகொழவென்று ஓடினால் நிறுத்தச் சொல்லுங்கள், சட்டி தூக்குகிறவர்களுக்கு அது சுலபம், உங்கள் கூரைக்குத்தான் கேடு. மறுநாள் காலையிலிருந்து பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். இப்போது கிடைக்கிற சிமெண்டுக்குப் பத்து நாள் கட்டாயம், நம்ம வெயிலுக்கு நான் பதினான்கு நாள் சொல்வேன். உங்கள் பக்கம் தண்ணீர்க் கஷ்டம் என்று தெரியும், லாரித் தண்ணீர் வாங்குகிற செலவையும் கூரைச் செலவோடு சேர்த்தே வையுங்கள். செண்டரிங்கைப் பதினான்கு நாளைக்கு முன்னால் பிரிக்க விடாதீர்கள், வாடகை ஏறுகிறது என்று அவசரப்படுத்துவார்கள்.

2021-ல் சென்னை புளியந்தோப்பில் அரசு கட்டிய அடுக்குமாடியில் கை பட்டால் பூச்சு உதிர்ந்தது, ஐஐடி குழு வந்து ஆய்வு செய்தது, நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். அங்கே குடியேறினவர்கள் கட்டும்போது பக்கத்தில் நிற்கவில்லை, சாவி கையில் வந்தபிறகுதான் சுவரைத் தொட்டார்கள். உங்களுக்கு அப்படி இல்லை, சட்டி சட்டியாக உங்கள் கண் முன்னால்தான் போகப் போகிறது.

பழைய ஆளை என்ன செய்வது? உடனே போலீஸ், கேஸ் என்று போக வேண்டாம். ஊரில் மதிப்பான இரண்டு பேரை வைத்துக்கொண்டு, நோட்டைத் திறந்து, கல் இத்தனை, வானம் இத்தனை, சிமெண்டு இத்தனை மூட்டை என்று வரிசையாகக் கேளுங்கள். சத்தம் போட வேண்டாம், கோபப்பட வேண்டாம். முக்கால்வாசிப் பேர் அந்த இடத்திலேயே இறங்கி வருவார்கள். சரிக்குச் சரி, இதோடு முடிந்தது என்று அவர் ஒத்துக்கொண்டால் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், ஐயாயிரம் பத்தாயிரம் அவர் பக்கம் போனாலும் விட்டுவிடுங்கள், உங்களுக்கு மழைக்கு முன்னால் கூரை வேண்டும். வெற்றுப் பத்திரத்தில் ஏதாவது கையெழுத்து வாங்கி வைத்திருந்தால் அதைத் திரும்ப வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

ஒத்து வரவே இல்லை, பணமும் பெரிதாக அவர் பக்கம் நிற்கிறது என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவைதான். ஐந்து லட்சம் வரை உள்ள விவகாரத்துக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நினைக்க வேண்டாம், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ல் இயற்றிய சட்டத்திலேயே இருக்கிறது. மதுரை மாவட்ட கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள்.

முதலில் பேங்க், அப்புறம் டேப். நூறு அடி டேப் வாங்க வேண்டாம், ஊரில் எலக்ட்ரீசியனோ வேறு கொத்தனாரோ யாரிடமாவது இருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சுவரையும் தனித்தனியாக அளந்து, வாசல் ஜன்னலைத் தனியாக எழுதி, அந்த இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். நான் கூட்டிப் பார்த்துச் சொன்னபிறகு பேச்சுக்கு உட்காருங்கள்.